பழைய கடன் பாக்கியால் சிபில் ஸ்கோர் சரிந்ததா? வீட்டுக்கடன் எடுக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை!

"சார், சம்பளம் ஓகே, பத்திரமும் ஓகே. ஆனா உங்க சிபில்ல பழைய பிரச்சினை ஒண்ணு காட்டுது..."

வீட்டுக்கடன் கேட்டுப் போன பலர் வங்கியில் கேட்டிருக்கும் வார்த்தை இது. வேலை போன சமயத்தில் கட்டாமல் விட்ட கிரெடிட் கார்டு, பாதியில் நின்ற பைக் லோன், படித்து முடித்தும் வேலை கிடைக்காமல் தேங்கிய கல்விக் கடன், நண்பருக்காகப் போட்ட ஜாமீன் கையெழுத்து என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். பிரச்சினை முடிந்து, கடனும் அடைந்து, வாழ்க்கை பழைய நிலைக்கு வந்த பிறகும் அந்தப் பதிவு மட்டும் பின்னாலேயே வந்து நிற்கும்.

அப்படியானால் சொந்த வீடு அவ்வளவுதானா? இல்லை. ஆனால் மற்றவர்களைப் போல கிடைத்த கடனை அப்படியே வாங்கிக்கொள்ளும் வசதி உங்களுக்கு இல்லை. எங்கே கேட்பது, எப்போது கேட்பது, எந்த நிபந்தனையில் கையெழுத்துப் போடுவது என்ற மூன்றையும் யோசித்துத்தான் இறங்க வேண்டும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

குறைந்தபட்ச சிபில் ஸ்கோர் என்று ஏதாவது சட்டம் இருக்கிறதா?

இல்லை. கடன் வழங்க இவ்வளவு ஸ்கோர் இருந்தே ஆக வேண்டும் என்று ரிசர்வ் வங்கி எந்த எண்ணையும் நிர்ணயிக்கவில்லை. மத்திய நிதி அமைச்சகமும் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் இதைத் தெளிவுபடுத்தியது. ஸ்கோரை எப்படி எடுத்துக்கொள்வது என்பது அந்தந்த வங்கியின் கொள்கை.

ஸ்கோர் 300 முதல் 900 வரை இருக்கும். 750-க்கு மேல் இருந்தால் பெரும்பாலான வங்கிகளில் பிரச்சினை இருக்காது. அதற்குக் கீழே இறங்க இறங்க வட்டி ஏறும், கடன் தொகை குறையும், ஒரு கட்டத்தில் விண்ணப்பமே திரும்பி வரும். ஸ்கோரைப் பொறுத்து வட்டியை மாற்றும் வழக்கம் பல பொதுத்துறை வங்கிகளிலும் இருக்கிறது.

இன்னொரு விஷயம். நாம் எல்லாவற்றையும் 'சிபில்' என்று சொன்னாலும், இந்தியாவில் இப்படிப்பட்ட கடன் தகவல் நிறுவனங்கள் நான்கு இருக்கின்றன: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க். ஒன்றில் இருக்கும் விவரம் மற்றொன்றில் கொஞ்சம் மாறி இருக்கலாம். எந்த வங்கி எதைப் பார்க்கும் என்று சொல்ல முடியாது. அதனால் நான்கையும் பார்ப்பது நல்லது.

முதல் வேலை: ரிப்போர்ட்டை நீங்களே எடுங்கள்

இந்த நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முறை முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அவர்களின் இணையதளத்துக்குச் சென்று, பான் எண்ணும் மொபைல் எண்ணும் கொடுத்தால் போதும். நீங்களே உங்கள் ரிப்போர்ட்டைப் பார்த்தால் ஸ்கோர் குறையும் என்பது தவறான தகவல். அப்படிக் குறையாது.

ஆனால் கடனுக்கு விண்ணப்பித்து வங்கி அந்த ரிப்போர்ட்டை எடுத்தால் அது பதிவாகும். ஒரே மாதத்தில் ஆறு ஏழு இடங்களில் விண்ணப்பித்தால், 'இவருக்கு எங்கேயும் கடன் கிடைக்கவில்லை போல' என்ற தோற்றம் உருவாகி, ஸ்கோரும் இறங்கும். ஆன்லைனில் 'உடனடி லோன், ஆஃபர் பாருங்கள்' என்ற லிங்க்கை எல்லாம் கிளிக் செய்து விவரம் கொடுப்பவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் ஸ்கோர் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். கீழே ஒவ்வொரு கடனுக்கும் எதிரே என்ன நிலை எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அதுதான் முக்கியம்.

குளோஸ்டு: கடன் முழுதாக அடைக்கப்பட்டு முடிந்தது. பிரச்சினை இல்லை. ஆனால் இடையில் எத்தனை நாள் தாமதமாகக் கட்டினீர்கள் என்ற விவரம் மாதவாரியாக இருக்கும்.

செட்டில்டு: பாக்கி முழுவதும் கட்டாமல், பேசி முடித்து ஒரு தொகை கட்டியிருக்கிறீர்கள். உதாரணமாக 1 லட்சம் பாக்கிக்கு 45 ஆயிரம் கட்டி முடித்தது. நம்மைப் பொறுத்தவரை கணக்கு முடிந்தது. வங்கியைப் பொறுத்தவரை அது நஷ்டக் கணக்கு. செட்டில்மென்ட் செய்த அதே நிறுவனம் குறைந்தது 12 மாதம் கழித்துத்தான் உங்களுக்குப் புதிய கடன் தர முடியும் என்பது 2023-ல் ரிசர்வ் வங்கி வகுத்த விதி. விவசாயக் கடனுக்கு மட்டும் இந்த 12 மாதக் கட்டாயம் இல்லை.

ரைட்டன் ஆஃப்: வங்கி தன் கணக்குப் புத்தகத்திலிருந்து நீக்கிவிட்டது. 'தள்ளுபடி ஆகிவிட்டது' என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. பாக்கி இன்னமும் உங்கள் பெயரில்தான் இருக்கிறது. வீட்டுக்கடனுக்கு மிகப்பெரிய தடை இதுதான்.

'செட்டில்டு' என்பதை 'குளோஸ்டு' ஆக மாற்ற முடியுமா?

முடியும். பழைய வங்கிக்குப் போய், அன்று விட்டுக்கொடுத்த மீதித் தொகை எவ்வளவு என்று எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள். அந்தத் தொகையைக் கட்டி, பாக்கி இல்லை என்ற நோ டியூ சான்றிதழை வாங்குங்கள். பிறகு ரிப்போர்ட்டில் நிலையை மாற்றித் தரச் சொல்லி அதே கடிதத்தில் கேளுங்கள். 'பணத்தைக் கட்டுங்க, அப்புறம் பார்த்துக்கலாம்' என்று வாய்வார்த்தையாகச் சொன்னால் ஏற்க வேண்டாம். கட்டுவதற்கு முன்பே, முழுத் தொகை கட்டினால் 'குளோஸ்டு' என மாற்றித் தருகிறோம் என்று மின்னஞ்சலிலாவது வாங்கிவிடுங்கள்.

பழைய கார்டு பாக்கி 30 ஆயிரமோ 50 ஆயிரமோ என்றால், அதைக் கட்டுவது பெரும்பாலும் லாபம்தான். ஏன் என்பது கீழே வரும் கணக்கைப் பார்த்தால் புரியும்.

2025 ஜனவரி 1 முதல் வங்கிகள் 15 நாளுக்கு ஒருமுறையாவது கடன் விவரங்களை இந்த நிறுவனங்களுக்கு அனுப்ப வேண்டும். அதனால் இப்போது மாற்றங்கள் முன்பைவிட சீக்கிரமாகவே ரிப்போர்ட்டில் தெரிகின்றன.

கட்டி முடித்த கடன் இன்னமும் பாக்கியாகக் காட்டினால்?

இது நிறைய பேருக்கு நடக்கிறது. பெயர் ஒற்றுமையால் வேறொருவர் கடன் உங்கள் கணக்கில் ஏறிவிடுவதும் உண்டு. அந்தக் கடன் தகவல் நிறுவனத்தின் இணையதளத்திலேயே புகார் பதிவு செய்யலாம். கட்டணம் கிடையாது. புகார் கொடுத்த 30 நாளுக்குள் தீர்வு தர வேண்டும். தராவிட்டால் அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருக்கிறது. 2024 ஏப்ரல் முதல் இது நடைமுறையில் இருக்கிறது.

அதற்கும் பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். கடன் தகவல் நிறுவனங்கள் மீதான புகார்களையும் ஆம்புட்ஸ்மேன் விசாரிப்பார். உதவிக்கு அழைக்க வேண்டிய எண் 14448.

இப்போதே எடுப்பதா, ஒரு வருடம் பொறுப்பதா? ஒரு கணக்கு

ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசராக இருக்கும் ஒருவர். மாதச் சம்பளம் 55 ஆயிரம். கொரோனா காலத்தில் கிரெடிட் கார்டு பாக்கியை செட்டில்மென்ட் செய்தவர். இப்போது 35 லட்சம் ரூபாய்க்கு ஒரு பழைய வீடு வாங்க, 25 லட்சம் கடன் கேட்கிறார். தவணைக் காலம் 20 ஆண்டு.

ஸ்கோர் நன்றாக இருந்து 8.5% வட்டியில் கிடைத்தால் மாத இ.எம்.ஐ. சுமார் 21,700 ரூபாய்.

ஸ்கோர் குறைவு என்பதால் 12% வட்டியில் கிடைத்தால் மாத இ.எம்.ஐ. சுமார் 27,530 ரூபாய்.

மாதம் 5,830 ரூபாய் வித்தியாசம். 20 ஆண்டுக்குக் கூட்டினால் கிட்டத்தட்ட 14 லட்சம். அன்று செட்டில்மென்ட்டில் மிச்சம் பிடித்த 50 ஆயிரத்துக்கு இன்று கொடுக்கும் விலை இது.

பிரச்சினை வட்டியோடு நிற்கவில்லை. 8.5% வட்டியில் சம்பளத்தில் 39 சதவீதம் இ.எம்.ஐ.க்குப் போகிறது. 12% வட்டியில் சரிபாதி போய்விடுகிறது. மீதி 27 ஆயிரத்தில் மளிகை, பள்ளிக் கட்டணம், மருத்துவச் செலவு எல்லாம் பார்க்க வேண்டும். ஏற்கெனவே ஒருமுறை கடனில் சிக்கியவருக்கு இது ஆபத்தான இடம். ஒரே ஒரு மாதம் சம்பளம் தாமதமானால் போதும், பழைய கதை திரும்ப ஆரம்பித்துவிடும்.

எனவே, இவருக்கு மூன்று வழிகள் இருக்கின்றன.

ஒன்று, 12 முதல் 18 மாதம் பொறுப்பது. அதற்குள் பழைய பாக்கியை 'குளோஸ்டு' ஆக்கி, இருக்கும் சின்னக் கடன்களைத் தேதி தவறாமல் கட்டி ஸ்கோரை ஏற்றுவது. இந்த மாதங்களில் கூடுதல் இ.எம்.ஐ. தொகையை ஆர்.டி.யில் போட்டால் முன்பணமும் சேரும், இ.எம்.ஐ. கட்டிப் பழகிய மாதிரியும் இருக்கும்.

இரண்டு, கடன் தொகையைக் குறைப்பது. இதே 12% வட்டியில் 20 லட்சம் மட்டும் எடுத்தால் இ.எம்.ஐ. சுமார் 22 ஆயிரம். சம்பளத்தில் 40 சதவீதம்.

மூன்று, இப்போது கூடுதல் வட்டியில் எடுத்து, இரண்டு ஆண்டு ஒழுங்காகக் கட்டிவிட்டு, குறைந்த வட்டி வங்கிக்குக் கடனை மாற்றுவது. இதற்கு ஒரு முக்கியமான நிபந்தனை இருக்கிறது. அதைக் கீழே பார்ப்போம்.

எங்கே கேட்பது: வங்கியா, ஹவுசிங் ஃபைனான்ஸா?

முதலில் உங்கள் சம்பளம் வரும் வங்கியில் கேளுங்கள். உங்கள் வரவு செலவு அவர்களுக்குத் தெரியும். பழைய பிரச்சினைக்குக் காரணம் என்ன, அதற்குப் பிறகு எப்படிக் கட்டினீர்கள் என்பதை ஆதாரத்தோடு விளக்கினால் மேனேஜர் மேலிடத்துக்குப் பரிந்துரைக்க வாய்ப்பு உண்டு. வேலை போன கடிதம், மருத்துவமனை பில், நோ டியூ சான்றிதழ் ஆகியவற்றைக் கையில் வைத்திருங்கள். எதையும் மறைக்க வேண்டாம். ரிப்போர்ட்டில் எல்லாமே தெரியும். நீங்களாகச் சொல்வது வேறு, அவர்கள் கண்டுபிடிப்பது வேறு.

அங்கே கிடைக்காவிட்டால் வீட்டுவசதிக் கடன் நிறுவனங்கள் இருக்கின்றன. குறைந்த ஸ்கோர் உள்ளவர்கள், சம்பளச் சான்று இல்லாத கடைக்காரர்கள், டிரைவர்கள், தறி ஓட்டுபவர்கள் ஆகியோருக்கும் நேரில் விசாரித்துக் கடன் தரும் நிறுவனங்கள் பல உண்டு. வட்டி கூடுதலாக இருக்கும், கட்டணங்களும் கூடுதலாக இருக்கலாம்.

இங்கே ஒரு முக்கிய வித்தியாசம். 2019 அக்டோபர் முதல், வங்கிகள் தரும் புதிய ஃபுளோட்டிங் வட்டி வீட்டுக்கடன்கள் ரெப்போ போன்ற வெளி அளவுகோலுடன் இணைக்கப்பட வேண்டும். ரிசர்வ் வங்கி ரெப்போவைக் குறைத்தால், குறைந்தது மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தப் பலன் உங்களுக்கு வர வேண்டும். வீட்டுவசதிக் கடன் நிறுவனங்களுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. அவர்கள் தங்களுக்கென ஒரு அடிப்படை வட்டியை வைத்திருப்பார்கள். 'ரெப்போ குறைஞ்சிடுச்சுன்னு டிவியில சொல்றாங்க, எனக்கு மட்டும் ஏன் குறையல?' என்று பலர் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வட்டியுடன் சேர்க்கப்படும் 'ரிஸ்க் பிரீமியம்' பற்றியும் கேளுங்கள். உங்கள் ஸ்கோர் குறைவு என்பதற்காகக் கூட்டப்பட்ட வட்டி அது. பின்னாளில் ஸ்கோர் உயர்ந்தால் அதைக் குறைத்துத் தருவீர்களா, அதற்கு என்ன நடைமுறை என்று ஆரம்பத்திலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபிக்ஸடா, ஃபுளோட்டிங்கா? உங்களுக்கு இதுதான் முக்கியம்

மேலே சொன்ன மூன்றாவது வழிக்கான நிபந்தனை இதுதான்: கடன் ஃபுளோட்டிங் வட்டியில் இருக்க வேண்டும்.

தனிநபர் எடுக்கும் ஃபுளோட்டிங் வட்டி வீட்டுக்கடனை முன்கூட்டியே அடைத்தாலோ வேறு வங்கிக்கு மாற்றினாலோ அபராதக் கட்டணம் வசூலிக்கக் கூடாது. வங்கிக்கும் சரி, வீட்டுவசதிக் கடன் நிறுவனத்துக்கும் சரி, இது பொருந்தும். ஃபிக்ஸட் வட்டிக் கடனில் அப்படி இல்லை. வெளியே வரவே கட்டணம் கேட்கலாம்.

நம் உதாரணத்தில் பார்ப்போம். 12% வட்டியில் எடுத்த 25 லட்சத்துக்கு இரண்டு ஆண்டு ஒழுங்காகக் கட்டினால், கட்டிய தொகை சுமார் 6.6 லட்சம். ஆனால் அசலில் குறைந்தது 68 ஆயிரம் மட்டுமே. இன்னும் சுமார் 24.32 லட்சம் பாக்கி நிற்கும். ஆரம்ப ஆண்டுகளில் வட்டிக்கே பெரும்பகுதி போய்விடும் என்பதால்தான் இப்படி.

இந்த நிலையில் ஸ்கோர் உயர்ந்து, வேறொரு வங்கி 9% வட்டியில் கடனை எடுத்துக்கொண்டால், மீதி 18 ஆண்டுக்கு இ.எம்.ஐ. சுமார் 22,770 ஆகக் குறையும். மாதம் 4,750 ரூபாய் மிச்சம். புதிய வங்கியின் பிராசஸிங் கட்டணம், அடமானப் பதிவுச் செலவு ஆகியவை போனாலும் லாபம்தான்.

ஆனால் கவனம்: இந்த இரண்டு ஆண்டில் ஒரு தவணைகூடத் தாமதமாகக் கூடாது. அதேபோல, 'நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம்' என்பதை நம்பி இன்று கட்ட முடியாத இ.எம்.ஐ.யில் கையெழுத்துப் போடவும் கூடாது. கடனை மாற்ற முடியாமல் போனாலும் என்னால் கட்ட முடியுமா? இந்தக் கேள்விக்கு 'முடியும்' என்ற பதில் இருந்தால் மட்டும் இந்த வழியில் போங்கள்.

கையெழுத்துப் போடும் முன் ஒரு தாள் கேளுங்கள்

2024 அக்டோபர் 1 முதல் வழங்கப்படும் ஒவ்வொரு சில்லறைக் கடனுக்கும் 'முக்கிய விவர அறிக்கை' என்ற தாளை, கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும். கே.எஃப்.எஸ். என்று கேட்டால் தருவார்கள். அதைக் கையில் வாங்கியபின் யோசிக்க உங்களுக்குக் குறைந்தது மூன்று வேலை நாள் அவகாசம் உண்டு. அதுவரை அந்த நிபந்தனைகளை அவர்கள் மாற்ற முடியாது. 'இன்னைக்கே சைன் பண்ணுங்க சார், ஆஃபர் முடியுது' என்று அவசரப்படுத்தினால் இதைச் சொல்லுங்கள்.

அந்தத் தாளில் ஏ.பி.ஆர். என்ற எண்ணைப் பாருங்கள். வட்டியோடு பிராசஸிங் கட்டணம், சட்ட ஆய்வுக் கட்டணம், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்தால் ஆண்டுக்கு உண்மையில் எத்தனை சதவீதம் ஆகிறது என்பதை அது காட்டும். இரண்டு நிறுவனங்களை ஒப்பிட வேண்டும் என்றால் விளம்பரத்தில் இருக்கும் வட்டியை விட்டுவிட்டு இந்த எண்ணை ஒப்பிடுங்கள்.

கடனோடு சேர்த்து ஒரே பிரீமியத்தில் இன்சூரன்ஸ் பாலிசி போட்டு, அந்தத் தொகையையும் கடனிலேயே ஏற்றிவிடும் வழக்கம் இருக்கிறது. குடும்பத்துக்குப் பாதுகாப்பு தேவைதான். ஆனால் அவர்கள் சொல்லும் பாலிசியைத்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தனியாக ஒரு டெர்ம் இன்சூரன்ஸ் எவ்வளவு ஆகும் என்று விசாரித்துவிட்டு முடிவெடுங்கள்.

தவணை தவறினால் என்ன கட்டணம் என்பதையும் பாருங்கள். தவறிய தொகைக்கு அபராதக் கட்டணம் போடலாமே தவிர, அதை வட்டியோடு சேர்த்து வட்டிக்கு வட்டி போடக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி.

மனைவி பெயரையும் சேர்க்கலாமா?

கணவன், மனைவி இருவருக்கும் வருமானம் இருந்து ஒருவருக்கு நல்ல ஸ்கோர் இருந்தால் இணைந்து விண்ணப்பிப்பது உதவும். நம் உதாரணத்தில் மனைவிக்கு மாதம் 15 ஆயிரம் வருமானம் இருந்தால், குடும்ப வருமானம் 70 ஆயிரம் ஆகும். 12% வட்டியிலும் இ.எம்.ஐ. 40 சதவீதத்துக்குள் அடங்கிவிடும். பெண்கள் இணை உரிமையாளராக இருந்தால் சில வங்கிகள் வட்டியில் சிறிய சலுகையும் தருகின்றன.

ஆனால் வங்கி இருவரின் ரிப்போர்ட்டையும் பார்க்கும். ஒருவரின் நல்ல ஸ்கோர் மற்றவரின் பழைய பாக்கியை அழித்துவிடாது. அதோடு, நாளை தவணை தவறினால் இருவரின் ஸ்கோரும் சேர்ந்தே விழும். கடனுக்குப் பொறுப்பேற்பவருக்கு வீட்டிலும் பங்கு இருக்க வேண்டும். அதனால் இணை விண்ணப்பதாரரின் பெயரைப் பத்திரத்திலும் சேருங்கள். அப்பா, அம்மாவை ஜாமீன் போடச் சொல்லும் முன்பும் இதை யோசியுங்கள்.

கையில் எவ்வளவு பணம் வேண்டும்?

ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டு மதிப்பில் அதிகபட்சம் 90 சதவீதம் வரை தரலாம். 30 முதல் 75 லட்சம் வரை 80 சதவீதம். அதற்கு மேல் 75 சதவீதம். இவை உச்ச வரம்பு மட்டுமே. ஸ்கோர் குறைவாக இருந்தால் இதைவிடக் குறைவாகத்தான் தருவார்கள்.

தமிழ்நாட்டில் வழக்கமான விற்பனைப் பத்திரத்துக்கு முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 35 லட்சம் வீட்டுக்கு இதுவே 3.15 லட்சம். இதையும் கையிலிருந்துதான் கட்ட வேண்டும். 25 லட்சம் கடன் கிடைத்தாலும், மீதி 10 லட்சத்தோடு சேர்த்து 13 லட்சத்துக்கு மேல் சொந்தப் பணம் வேண்டும்.

இந்தப் பணத்துக்காகப் பர்சனல் லோன், லோன் ஆப், கந்துவட்டி என்று போனால், வீட்டுக்கடன் முதல் தவணை வருவதற்குள் இரண்டாவது கடன் கழுத்தைப் பிடிக்கும். ஒருமுறை சிக்கி வந்தவர்கள் இந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

இன்னொன்று, வீட்டுக்காரரிடம் அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமென்ட் போட்ட பிறகு வங்கிக்குப் போவதுதான் நம் ஊர் வழக்கம். உங்கள் விஷயத்தில் அது தலைகீழாக இருக்க வேண்டும். முதலில் வங்கியில் எவ்வளவு தருவார்கள் என்று கேட்டு வாங்குங்கள். பிறகு அட்வான்ஸ் கொடுங்கள். 'கடன் கிடைக்காவிட்டால் அட்வான்ஸ் திருப்பித் தரப்படும்' என்ற வரியை அக்ரிமென்ட்டில் எழுதச் சொல்லுங்கள்.

அரசு மானியம் கிடைக்குமா?

பிரதமரின் நகர்ப்புற வீட்டுவசதித் திட்டம் 2.0-ல் வட்டி மானியம் இருக்கிறது. ஆண்டு குடும்ப வருமானம் 9 லட்சம் வரை, வீட்டு மதிப்பு 35 லட்சம் வரை, கடன் 25 லட்சம் வரை இருந்தால் விண்ணப்பிக்கலாம். குடும்பத்தில் யாருக்கும் நாட்டில் எங்கும் கான்கிரீட் வீடு இருக்கக் கூடாது. முதல் 8 லட்சம் கடனுக்கு 4 சதவீத வட்டி மானியமாக, அதிகபட்சம் 1.80 லட்சம் ரூபாய் ஐந்து தவணைகளில் வரும். கடன் ஒழுங்காகக் கட்டப்பட்டு வந்தால்தான் அடுத்தடுத்த தவணைகள் கிடைக்கும். கடனை வேறு வங்கிக்கு மாற்றும் எண்ணம் இருந்தால், மீதி மானியம் என்ன ஆகும் என்பதைக் கேட்டுவிட்டு மாற்றுங்கள்.

'சிபில் கிளியர் செய்து தருகிறோம்': நம்பலாமா?

வேண்டாம். பஸ் ஸ்டாண்ட் சுவரிலும் வாட்ஸ்அப்பிலும் வரும் இந்த விளம்பரங்களை நம்பி 10 ஆயிரம், 20 ஆயிரம் என்று இழந்தவர்கள் ஏராளம். உண்மையான பாக்கிப் பதிவை யாராலும் பணம் வாங்கிக்கொண்டு அழிக்க முடியாது. தவறான பதிவு என்றால் நீங்களே இலவசமாகத் திருத்தலாம். பான், ஆதார், ஓ.டி.பி. ஆகியவற்றைக் கொடுத்தால் உங்கள் பெயரிலேயே புதுக் கடன் எடுத்துவிடும் ஆபத்தும் உண்டு. கடன் அனுமதிக்கும் முன்பே 'பிராசஸிங் கட்டணம்' என்று தனிநபர் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொன்னாலும் அது மோசடிதான்.

தவணை தவறினால் வீடு என்ன ஆகும்?

கிரெடிட் கார்டு பாக்கிக்கும் வீட்டுக்கடன் பாக்கிக்கும் இதுதான் வித்தியாசம். இங்கே வீடே அடமானம். 90 நாளுக்கு மேல் தவணை நின்றால் வாராக்கடன் ஆகிவிடும். அதன்பின் 2002-ம் ஆண்டு சர்ஃபாசி சட்டத்தின்படி 60 நாள் அவகாசம் கொடுத்து நோட்டீஸ் வரும். அதற்குள் கட்டாவிட்டால் வீட்டைக் கையகப்படுத்தி ஏலம் விடலாம். நோட்டீஸுக்கு நீங்கள் எழுத்துப்பூர்வமாக ஆட்சேபம் தெரிவித்தால் 15 நாளில் பதில் தர வேண்டும். கையகப்படுத்தும் நடவடிக்கையை எதிர்த்து 45 நாளுக்குள் கடன் மீட்பு தீர்ப்பாயத்தில் முறையிடலாம். சென்னை, கோவை, மதுரையில் இந்தத் தீர்ப்பாயங்கள் இருக்கின்றன.

ஆனால் அந்த நிலை வரும்வரை காத்திருக்க வேண்டாம். முதல் தவணை தவறப் போகிறது என்று தெரிந்த அன்றே வங்கிக்குப் போய்ப் பேசுங்கள். தவணைக் காலத்தை நீட்டித்து இ.எம்.ஐ.யைக் குறைக்க வழி இருக்கிறதா என்று கேளுங்கள். பழைய கார்டு பாக்கியில் போனை எடுக்காமல் இருந்த மாதிரி இங்கே இருக்கக் கூடாது. வசூலுக்கு அழைப்பவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் அழைக்கக் கூடாது. மிரட்டினால் புகார் செய்யலாம்.

இதற்கெல்லாம் முன்னேற்பாடாக, குறைந்தது நான்கு மாத இ.எம்.ஐ. தொகையைத் தனிக் கணக்கில் போட்டு வைத்துவிட்டுத்தான் வீடு வாங்கவே இறங்க வேண்டும். கடனை முழுதாக முடித்ததும், அசல் பத்திரத்தை 30 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். நிறுவனத்தின் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு உண்டு. அதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த வரிசையில் செய்வது?

1. நான்கு நிறுவனங்களின் இலவச ரிப்போர்ட்டையும் எடுத்துப் பாருங்கள்.

2. தவறு இருந்தால் புகார் கொடுங்கள். 'செட்டில்டு', 'ரைட்டன் ஆஃப்' இருந்தால் மீதியைக் கட்டி 'குளோஸ்டு' ஆக்குங்கள்.

3. ஓராண்டாவது எல்லாத் தவணையையும் தேதி தவறாமல் கட்டுங்கள். கார்டு இருந்தால் வரம்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பயன்படுத்த வேண்டாம். கார்டே கிடைக்காதவர்கள் ஃபிக்ஸட் டெபாசிட்டை வைத்துத் தரப்படும் கார்டை வாங்கி, மாதாமாதம் முழுத் தொகையையும் கட்டலாம்.

4. சம்பள வங்கியில் முதலில் கேளுங்கள். அதன்பின் இரண்டு இடங்களில் மட்டும் விசாரியுங்கள்.

5. கே.எஃப்.எஸ். தாளை வாங்கி, ஏ.பி.ஆர். எண்ணை ஒப்பிடுங்கள். ஃபுளோட்டிங் வட்டிதானா, ஸ்கோர் உயர்ந்தால் வட்டி குறையுமா என்று கேளுங்கள்.

6. எல்லா இ.எம்.ஐ.யும் சேர்த்துக் குடும்ப வருமானத்தில் 40 சதவீதத்தைத் தாண்டினால், வீட்டின் விலையைக் குறையுங்கள் அல்லது காத்திருங்கள்.

பழைய கடன் பிரச்சினை இருந்தவர்களுக்கு ஒரு விஷயம் மற்றவர்களைவிட நன்றாகவே தெரியும்: தவணை தேதி நெருங்கும்போது தூக்கம் வராது என்பது. அந்த அனுபவத்தை வைத்தே இந்த முறை கணக்குப் போடுங்கள். வங்கி எவ்வளவு தரும் என்பது இரண்டாவது கேள்வி. நிம்மதியாக எவ்வளவு கட்ட முடியும் என்பதுதான் முதல் கேள்வி.